அறுநூற்று எழுபத்தாறு

காப்பீட்டு நிறுவனம் தருவதாகச் சொன்ன தொகை பதினெட்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து அறுநூற்று எழுபத்தாறு. பதினெட்டு லட்சம் என்பது கண்ணாடிக்காரரின் காதில் சரியாக விழவே இல்லை. கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்த அந்த அறுநூற்று எழுபத்தாறுதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

"அந்த எழுபத்தாறு எங்கிருந்து சார் வந்தது?" என்று கேட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"இது இன்றைய மதிப்புங்க. அவங்க அறுபது வயசு வரைக்கும் சம்பாதிச்சிருக்கக்கூடிய பணத்தை இன்னிக்கு ஒரே தொகையா கொடுத்தா எவ்வளவுன்னு ஒரு ஃபார்முலா இருக்கு. கம்ப்யூட்டர்தான் போடுது."

"கம்ப்யூட்டர் எப்படிப் போடுது?"

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மச்சான், அதாவது இறந்துபோன மனைவியின் அண்ணன், மேசைக்கடியில் காலால் மெதுவாக இடித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வரத்தான் இருவரும் வந்திருந்தார்கள். பேனா கூட மச்சான் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

"விளங்கிக்கறது கொஞ்சம் கஷ்டம் சார்" என்றார் அதிகாரி. "வட்டிக் கணக்கு. அதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க."

கண்ணாடிக்காரர் தாள்களை மடித்து உறையில் போட்டுக்கொண்டார். "நான் யோசிச்சுட்டு வர்றேன்."

வெளியே வந்ததும் மச்சான் பிடித்துக்கொண்டார். "என்ன மாப்பிள்ளை யோசிக்கப் போறீங்க? எட்டு மாசமா அலைஞ்சாச்சு. என் தங்கச்சி திரும்பி வரப்போறதில்ல. பொண்ணு அடுத்த வருஷம் காலேஜுக்குப் போகணும்."

"தெரியும் மச்சான்."

"அப்புறம் என்ன?"

"ஒருத்தர் கண்ணுக்கு எவ்வளவு பவர்னு நான் எழுதிக் கொடுத்தா, எப்படி வந்ததுன்னு கேட்டா சொல்லுவேன். சொல்லத் தெரியலன்னா நான் எழுதியிருக்கவே கூடாது."

மச்சான் வண்டியை எடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவரும் தங்கையை வளர்த்தவர்தான்.

கண்ணாடிக்காரருக்கு நாற்பத்தொன்பது வயது. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை வெட்டிப் பொருத்தும் சிறிய கடை ஒன்று இருந்தது. முன்பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி. பின்பக்கம் ஒரு அரைவை இயந்திரம். நடுவில் ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். மனைவி நான்கு தெரு தள்ளி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தாள். மாலை ஆறேகாலுக்குக் கடை வாசலில் வந்து நிற்பாள். இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்பார்கள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ஆறேகால் ஆகியும் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. பொருட்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு வேன், சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் திரும்பியிருந்தது. அவளுக்கு நாற்பத்தாறு வயது.

அதிலிருந்து ஆறேகால் மணி என்பது அவருக்கு ஒரு பள்ளமாகிவிட்டது. தினமும் அந்த நேரத்தில் கால் இடறியது. கடையைச் சீக்கிரம் சாத்திப் பார்த்தார், தாமதமாகச் சாத்திப் பார்த்தார்; எதுவும் உதவவில்லை. வாசலில் யாராவது வந்து நின்று வெளிச்சத்தை மறைத்தால் தலை தானாகத் திரும்பியது.

நகராட்சி நூலகத்தின் மாடியில் அந்த வகுப்பு நடக்கிற செய்தியை மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். வட்டிக் கணக்கின் அடிப்படை, பன்னிரண்டு வாரம், செவ்வாயும் வியாழனும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை. காப்பீட்டுக் கணிதம் படிக்க விரும்புகிறவர்களுக்கான முதல் படி. கடைசியில் ஒரு பரீட்சையும் உண்டு.

"நீங்க கேட்ட எழுபத்தாறு அங்க இருக்கலாம்பா" என்றாள்.

"எனக்கு வருமா?"

"பாயிண்ட் ரெண்டஞ்சு, பாயிண்ட் எழுபத்தஞ்சுன்னு நாள் பூரா உட்கார்ந்து தேய்க்கறீங்க. தசமப் புள்ளிக்கு உங்களைவிட நெருங்கின சொந்தக்காரங்க யாரு?"

சேர்ந்துவிட்டார். வகுப்பில் பதினேழு பேர். இரண்டு வங்கி ஊழியர்கள், ஒரு நர்ஸ், மற்றவர்கள் எல்லாம் இப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள். முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள், வாத்தியார் வந்துவிட்டார் என்று நினைத்து. பின்னாலேயே வந்த உண்மையான டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு பக்கக் காதுக்கம்பி உடைந்து பசை போட்டு ஒட்டிய கண்ணாடி அணிந்திருந்தாள். இரண்டாவது வகுப்பு முடிந்ததும் கண்ணாடிக்காரர் அதைக் கேட்டு வாங்கிப் போய், அடுத்த வகுப்புக்குப் புதுக் காதுக்கம்பி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு வகுப்பில் யார் கண்ணாடி தளர்ந்தாலும் இடைவேளையில் அவர் முன்னால் வரிசை நின்றது. 'ஸ்க்ரூ அங்கிள்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

முதல் இரண்டு வாரம் சுலபமாகப் போனது. தனிவட்டி, கூட்டுவட்டி. நூறு ரூபாயாக இருக்கும் பணம் நூற்றுக்கு ஒன்பது வட்டியில் அடுத்த வருடம் நூற்றொன்பது. அதற்கடுத்த வருடம் நூற்றுப் பதினெட்டோடு நிற்காமல் இன்னும் எண்பத்தோரு காசு சேரும், ஏனென்றால் வட்டியும் வட்டி சம்பாதிக்கும். இதெல்லாம் அவருக்கு வில்லையின் மேல் வில்லை வைப்பது போலத்தான் தோன்றியது.

மூன்றாவது வாரம் டீச்சர் கணக்கைத் திருப்பிப் போட்டாள்.

"இன்னிக்கு இருக்கற நூறு அடுத்த வருஷம் நூத்தி ஒன்பது. அப்படின்னா அடுத்த வருஷம் வரப்போற நூறுக்கு இன்னிக்கு என்ன மதிப்பு? ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஒன்பதால வகுக்கணும். தொண்ணூத்தி ஒண்ணு எழுபத்து நாலு. ரெண்டு வருஷம் தள்ளி வந்தா ரெண்டு தடவை வகுக்கணும். தள்ளிப் போகப் போக இன்றைய மதிப்பு குறைஞ்சுகிட்டே வரும்."

பலகையில் ஒரு கோடு போட்டு, அதில் வருடங்களைப் புள்ளி புள்ளியாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வளைந்த அம்பை இடது ஓரத்துக்கு இழுத்தாள். இடது ஓரத்தில் 'இன்று' என்று எழுதியிருந்தது.

"பதினாலு வருஷம் தள்ளி?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

டீச்சர் கால்குலேட்டரைத் தட்டினாள். "இருபத்தொன்பது தொண்ணூத்திரெண்டு. நூறுல முப்பதுகூட இல்ல."

அவர் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, வகுப்பு முடியும் வரை அந்தக் கோட்டின் வலது முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பின் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சரிடம் போய் நின்றார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். தள்ளி இருக்கறதுக்கு எப்பவுமே மதிப்பு கம்மிதானா?"

"வட்டி பூஜ்யத்துக்கு மேல இருந்தா கம்மிதான் சார்."

"இல்ல, நான் பணத்தைக் கேக்கல." கொஞ்சம் தடுமாறினார். "என் வீட்டுக்காரி வேலைக்குப் போறவ. நானும் கடை. பொண்ணு சின்னவ. நின்னு பேச நேரம் இருந்ததில்ல. எல்லாத்தையும் அறுபதுக்கு அப்புறம்னு தள்ளி வச்சோம். அலாரம் இல்லாம தூங்கறது, சும்மா ரயில்ல ஏறி எங்கயாவது போய் இறங்கறது. நல்லதெல்லாம் அந்தக் கடைசிலதான் இருந்தது. இதுல பார்த்தா அதுக்குத்தான் ரொம்பக் குறைச்சலாப் போட்டிருக்கு."

டீச்சர் துடைப்பானைக் கீழே வைத்தாள். அவர் எதற்காக வகுப்புக்கு வருகிறார் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. உறையிலிருந்த தாள்களை அவர் எடுத்துக் காட்டியபோது நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"எனக்குப் பதில் தெரியல சார்" என்றாள். "புத்தகத்துல பணத்துக்கு மட்டும்தான் இருக்கு."

பொய்யாக எதையும் சொல்லித் தேற்றாமல் விட்டதற்காக அவருக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது.

நான்காவது வாரம், தொடர்ச்சியாக வரும் தொகைகளுக்கு ஒரே வரியில் மதிப்புக் காணும் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்தாள். எல்லோரும் அதைப் போட்டுப் பழகினார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் குறுக்குவழி வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, நீளத் தாளில் பதினான்கு வரி போட்டார். மாதச் சம்பளம் முப்பதாயிரம். அதில் அவளுடைய சொந்தச் செலவுக்கு என்று மூன்றில் ஒரு பங்கை நிறுவனம் கழித்திருந்தது. மிச்சம் இருபதாயிரம், வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். நிறுவனத்தின் தாளிலும் வட்டி நூற்றுக்கு ஒன்பதுதான். வரிகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போடவில்லை. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று அவள் வயதைப் போட்டார்.

நாற்பத்தேழு: இரண்டு லட்சத்து இருபதாயிரத்து நூற்று எண்பத்து மூன்று. மகள் கல்லூரியில் சேரும் வருடம். ஐம்பது: மகள் முடித்து வெளியே வருவாள். மனைவிக்கு வாசிக்கும் கண்ணாடி போட வேண்டியிருக்கும். ஏற்கெனவே செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் படித்துக்கொண்டிருந்தாள், கண்ணாடிக்காரன் பொண்டாட்டி கண்ணாடி போட்டால் விளம்பரம் என்று சொல்வார்கள் என்று மறுத்துக்கொண்டே. ஐம்பத்தாறு: ஒரு லட்சத்து ஆயிரத்துச் சொச்சம். முட்டி வலி என்பாள், படியேற மாட்டேன் என்பாள், ஆனாலும் ஏறுவாள். அறுபது: எழுபத்தோராயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பது. அந்த வரியில் பேனா வெகுநேரம் நின்றது.

பிறகு பதினான்கையும் கூட்டினார். பதினெட்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து அறுநூற்று எழுபத்தாறு.

கண்டுபிடித்துவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை. இத்தனை நாளும் அந்த எண் எங்கோ தப்பாக இருக்கும், அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் எல்லாமே அவிழ்ந்துவிடும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. எண் சரியாகவே இருந்தது. பதினான்கு வருடமும் ஒரே தாளில், இடது ஓரத்துக்கு வந்து அடுக்கடுக்காகக் கிடந்தது. அரைவை இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்து அழுதார். அவள் இறந்த அன்று வீட்டுக்கு வந்து நின்ற கூட்டத்தின் முன்கூட அவர் அழவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தத் தாளை டீச்சரிடம் காட்டினார். அவள் விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினாள்.

"கூட்டல் சரி. வகுத்தல் சரி. நீங்க வேற ஒண்ணு கேட்டிருக்கணும் சார்."

"என்ன?"

"பதினாலு வருஷமும் ஒரே முப்பதாயிரமா? சம்பளம் ஏறவே ஏறாதா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"கணக்கு சரியா இருந்தாலும் உள்ள போடற எண் சரியா இருக்கணும்ல. போன அஞ்சு வருஷத்துச் சம்பளச் சீட்டு இருந்தா எடுத்துட்டு வாங்க."

சீட்டுகள் இருந்தன. எங்கே இருக்கின்றன என்றும் அவருக்குத் தெரியும். படுக்கையறை அலமாரியில் அவளுடைய இழுப்பறை. அவள் போனதிலிருந்து அதை அவர் திறக்கவில்லை. மகளும் திறக்கவில்லை. ஒருவருக்கு மற்றவர் விட்டுக்கொடுப்பதுபோல் இருவரும் அதைச் சுற்றியே நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இருவருமாகச் சேர்ந்து திறந்தார்கள். மேலே ஒரு சால்வை, அதன் கீழே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய சம்பள உறைகள், வருடத்துக்கு ஒரு கட்டாக ஐந்து கட்டு. பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொரு மாதமும் சீட்டை ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொடுப்பார்கள். அவள் அந்த உறையின் முதுகில் அந்த மாதத்துச் செலவை எழுதி வைத்திருந்தாள். பொடிப் பொடியான எழுத்து. ரத்தக் குழாய்களில் பெயர் எழுதி ஒட்டிப் பழகிய கை.

மகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

"'வாடகை. பள்ளிக்கூடம். அவருக்குப் பல். கடைக்கு மெஷின் தவணை.' கடைசில 'நான்'னு போட்டிருக்குப்பா. 'நான், பஸ் அறுநூறு. தைலம்.' அவ்வளவுதான்."

"அடுத்தது?"

"'வாடகை. பள்ளிக்கூடம். ஷூ. அண்ணன் வீட்டுக்குப் போக்குவரத்து. நான், பஸ் அறுநூறு. கொண்டை ஊசி.'"

இருவரும் சிரித்தார்கள். கொண்டை ஊசிக்கு ஒரு கணக்கா என்று. அறுபது உறையிலும் 'நான்' கடைசியில்தான் இருந்தது. அவருக்குச் சிறுநீரகக் கல் எடுத்த மாதத்தில் 'நான்' என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். மகள் ஒரு தாளில் அந்த எண்களை மட்டும் தனியாக எழுதிக்கொண்டே வந்தாள். எந்த மாதமும் மூவாயிரத்தைத் தாண்டவில்லை.

"மூணுல ஒரு பங்கு அம்மா தனக்கே செலவு பண்ணினாங்கன்னு எழுதியிருக்காங்கப்பா. பத்தாயிரம்."

"எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாங்களாம்."

"அம்மா எல்லாரும் இல்லையே."

போன வருடத்துக் கட்டில் கடைசிக்கு முந்தைய உறையை எடுத்த மகள், படிக்காமல் அப்படியே நீட்டினாள். 'நான், பஸ் அறுநூறு. நீச்சல் டிரஸ், விலை விசாரிக்கணும்.'

"அம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"உங்க கிட்ட சொன்னாங்களா?"

இருபத்திரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனுஷிக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று ஓர் ஆசை இருந்திருக்கிறது. தினமும் கடையிலிருந்து வீடு வரை பேசிக்கொண்டேதான் நடந்தார்கள். வாடகை பேசினார்கள், மகளின் மதிப்பெண் பேசினார்கள், பக்கத்துக் கடைக்காரரின் இருமலைப் பற்றிக்கூடப் பேசினார்கள். இதைக் கேட்க எத்தனை சாயங்காலம் இருந்தது.

"சொல்லலம்மா" என்றார். "நானும் கேக்கல."

மகள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வெளியே வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வரும் வரை அப்படியே இருந்தார்கள். பிறகு அவள்தான் எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, சம்பளச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினாள். சம்பளம் வருடத்துக்கு நூற்றுக்கு ஐந்து, ஒரு வருடம்கூடத் தவறாமல் ஏறியிருந்தது.

வியாழக்கிழமை டீச்சர் இடைவேளையையும் விட்டுக்கொடுத்து அவரோடு உட்கார்ந்தாள். முதல் வருடம் இரண்டு நாற்பது. இரண்டாம் வருடம் அதை ஐந்து விழுக்காடு ஏற்றி இரண்டு ஐம்பத்திரண்டு. இப்படி ஒவ்வொன்றையும் முதலில் வளர்த்து, அப்புறம் ஒன்பதால் இன்றைக்கு இழுக்க வேண்டும். நர்ஸும் ஒரு வங்கி ஊழியரும்கூட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தங்கள் கால்குலேட்டரில் சரிபார்த்தார்கள். இருபத்து நான்கு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் வந்தது. அறுபதாவது வயதின் வரி இப்போது அவ்வளவு மெலிந்து இல்லை.

அடுத்த வாரம் மச்சானையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனார். மச்சான் இந்தத் தடவை பேனாவைத் தயாராக வைத்திருக்கவில்லை, உறைகளைப் படித்திருந்தார். அதிகாரி முதலில் அந்த நீளத் தாளை மரியாதைக்காக வாங்கினார். பாதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதை யாரு போட்டாங்க?"

"நான்தான் சார்."

"எழுபத்தாறு கண்டுபிடிச்சிட்டீங்க போல."

"கண்டுபிடிச்சேன். உங்க கூட்டல்ல தப்பில்ல. ஏத்தத்தை விட்டுட்டீங்க."

அதிகாரி சீட்டுகளைப் பார்த்தார், பக்கத்து அறைக்குப் போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "நிரந்தர வேலை, வருஷா வருஷம் ஏறியிருக்கு. இதை மேல அனுப்பலாம். நியாயம் இருக்கு."

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் உறைக் கட்டுகளை மேசைமேல் வைத்தார். அந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றிச் சொன்னார். அதிகாரி மேலாக இருந்த நான்கைந்து உறைகளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு அவற்றைக் கலைந்துவிடாமல் அடுக்கி, ரப்பர் வளையத்தைத் தானே போட்டுத் திருப்பித் தந்தார்.

"இதுல என்னால ஒண்ணும் பண்ண முடியாது சார். அது விதி. தனக்குன்னு செலவே பண்ணாதவங்களுக்குன்னு எங்க படிவத்துல ஒரு கட்டம் கிடையாது."

"என் தங்கச்சி சார் அவ" என்றார் மச்சான்.

"வழக்குப் போடலாம்" என்றார் அதிகாரி. "நாலஞ்சு வருஷம் ஆகும். நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

கண்ணாடிக்காரர் மகளை நினைத்துப் பார்த்தார். "வேண்டாம் சார்" என்றார். "நீங்க படிச்சீங்கல்ல. போதும்."

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. சம்பள ஏற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். மச்சானே கூட வந்து கையெழுத்துக்குச் சாட்சி போட்டார். பணத்தை மகளின் படிப்புக்கென்று ஒரு பகுதியும், மீதியை மாதா மாதம் வருகிற மாதிரியும் வங்கியில் போட்டார்கள். எவ்வளவு போட்டால் மாதம் எவ்வளவு வரும் என்று வங்கிக்காரர் சொல்வதற்கு முன்பே கண்ணாடிக்காரர் சொன்னார். மச்சானுக்கு அதில் ஒரே பெருமை, வெளியே வந்து இரண்டு பேரிடம் போனில் சொல்லியும் விட்டார்.

காரியம் முடிந்த பிறகும் அவர் வகுப்பை விடவில்லை. கையெழுத்தான மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு அவர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து டீச்சர் புருவத்தை உயர்த்தினாள்.

"உங்க கணக்கு முடிஞ்சிருச்சே சார்?"

"இந்த நேரத்துக்கு எனக்கு வேற இடம் இல்ல டீச்சர்."

அவள் தலையசைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாள். ஆறேகாலுக்கு அவர் எப்போதும்போல் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நிமிடம் பலகையில் ஒரு கடன் தவணையை வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். வலி குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கைக்கு வேலை இருந்தது, பக்கத்தில் பதினாறு பேர் இருந்தார்கள். அது பெரிய விஷயம்.

மகள் விடுதிக்குப் புறப்பட்டுப் போன மாதத்தில் பரீட்சை வந்தது. மண்டபத்தில் கண்காணிப்பாளர் அவரைப் பார்த்து, பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டும் என்றார். அனுமதிச் சீட்டைக் காட்டிய பிறகுதான் விட்டார். மூன்று மணி நேரம் எழுதினார். ஒரு கேள்வியை முழுவதுமாக விட்டுவிட்டார். வெளியே வந்ததும் வங்கி ஊழியர்கள் இருவரும் விடைகளை ஒப்பிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், இவரை நடுவராக்கினார்கள்.

முடிவு ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம் போனில் வந்தது. கடையில் ஒரு வயதான அம்மாள் புதுக் கண்ணாடி வாங்க வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் திரைக்குப் பின்னால் வில்லையைப் பொருத்திக்கொண்டே போனைத் திறந்தார். தேர்ச்சி. நூற்றுக்கு அறுபத்தொன்று.

கட்டைவிரல் தானாக நகர்ந்து பெயர்ப் பட்டியலில் மேலே போய், அவள் பெயரில் நின்றது. மணி இரண்டேகால். இந்த நேரத்துக்குக் கூப்பிட்டால் என்ன ஏதென்று பதறிக்கொண்டு எடுப்பாள். விஷயத்தைச் சொன்னதும், இதுக்கா வேலை நேரத்துல கூப்பிட்டீங்க என்று கடிந்துகொள்வாள். போனை வைத்ததும் கூட வேலை பார்க்கிற அத்தனை பேரிடமும் சொல்லிவிடுவாள். எல்லாமே அவருக்குத் தெரிந்திருந்தது. கூப்பிடுவதற்குத்தான் ஆள் இல்லை. மகள் வகுப்பில் இருப்பாள், நான்கு மணிக்கு மேல்தான் எடுப்பாள்.

கண்ணாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தார். அந்த அம்மாளின் காதில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"நான் ஒரு பரீட்சை பாஸ் பண்ணிட்டேன்மா" என்றார்.

"உங்க வயசுலயா? என்ன பரீட்சை?"

"வட்டிக் கணக்கு."

அந்த அம்மாள் புதுக் கண்ணாடி வழியாக அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். இப்போதுதான் அவர் தனக்கு முதன்முதலாகத் தெளிவாகத் தெரிகிறார் என்பதுபோல் சிரித்தாள்.

"ரொம்ப நல்லது தம்பி. வீட்டுல சந்தோஷப்பட்டிருப்பாங்களே."

"ஆமாம்மா" என்றார் கண்ணாடிக்காரர். "சந்தோஷப்பட்டிருப்பா."